பக்கத்து இடம்

கல்லறைத் தோட்டத்துப் புல்லின் மேல் வெர்னா மல்லாந்து கிடந்தாள். கண்கள் மூடியிருந்தன. மகன் ஆரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

"மூஞ்சில வெயில் அடிக்குது," என்றாள் வெர்னா. "கொஞ்சம் அந்தப் பக்கமா கெடைக்குமான்னு கேளு."

"எந்திரிம்மா. யாராவது பாத்தா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடப் போறாங்க."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனிமே ஆம்புலன்ஸ் எதுக்குன்னு சொல்லிடு."

அவன் அவளைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கைத்தடியைக் கொடுத்தான். முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான். வேலிக்கு அப்பால் சோளக் காடு காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தது.

வெர்னாவின் தங்கை எல்டா மார்ச்சில் இறந்துபோனாள். அவள் நிலத்தை விற்றதில் வந்த பங்கு இந்த மாதம் வெர்னாவின் கணக்கில் விழுந்தது. மாத முடிவிலும் அது அங்கேயே கிடந்தால், சொத்து வரம்பைத் தாண்டிவிட்டாள் என்று, முதியோர் இல்லத்துக்கு அரசாங்கம் கட்டிவரும் உதவி நின்றுவிடும். இல்லத்தை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

யாருக்கும் பணமாகக் கொடுக்கக் கூடாது, பெற்ற மகனுக்குக்கூட, என்று வக்கீல் சொல்லியிருந்தார். தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். பல் செட்டும் சாய்வு நாற்காலியும் வாங்கியாயிற்று. கல்லறைக்கு இடம் வாங்கினால் அது சொத்துக் கணக்கில் வராது.

ஆரின் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான். சனிக்கிழமைகளில் அவனுக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்லிஸ், சர்ச் அலுவலகத்திலிருந்து வரைபடத்தோடு வந்தாள். ஒட்டினாற்போல இரண்டு இடம் வேண்டும் என்றாள் வெர்னா.

ஆரின் நிமிர்ந்து பார்த்தான். அப்பா இரண்டாவது மனைவிக்குப் பக்கத்தில் அரிசோனாவில் ஒரு கல்லறையில் கிடக்கிறார். அவருக்காக இருக்காது.

இல்லத்தில் அம்மாவோடு ஒரே மேஜையில் சாப்பிடும் லீலண்டின் நினைவு வந்தது. சக்கர நாற்காலியில் பாதிகூட நிறையாத சின்ன மனிதர். போன வாரம் டிவி முன்னால் இருவரும் கை கோத்து உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருந்தான். அம்மாவுக்காவது ஒரு துணை கிடைத்ததே என்று அன்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனான். சாப்பாட்டைப் பெட்ரோல் பங்க்கில் வாங்கி வண்டியிலேயே முடித்துக்கொண்டான்.

வெர்னா கைத்தடியால் இரண்டாவது இடத்தை அளந்தாள்.

"ஆறடி ஆள் கால் நீட்டிப் படுக்கலாமா, மார்லிஸ்?"

"தாராளமா. ஆனா வெர்னா, சொந்தக்காரங்களுக்குன்னாதான் அரசாங்கம் ஒத்துக்கும். புருஷன், பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க. வேற ஆளுக்கு வாங்கினா தானம் குடுத்த மாதிரி."

தெரியும் என்றாள் வெர்னா.

ஆரின் அவளைத் தனியே அழைத்துப் போனான். தனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான். இந்த வயதில் ஒரு துணை அமைவது எவ்வளவு பெரிய விஷயம் என்றான். ஆனால் உதவி நின்றுபோனால் இல்லத்தில் அவளை வைத்திருக்க மாட்டார்கள்.

"தயவுசெஞ்சு லீலண்ட் பேரை மட்டும் எழுதாதம்மா. அவர் நம்ம குடும்பத்து ஆள் இல்ல."

வெர்னா அவனை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கோட்டுக் காலரை எட்டிப் பிடித்துச் சரிசெய்தாள்.

"லீலண்டுக்கு ரெண்டு பக்கமும் பொண்டாட்டிங்க எடம் போட்டு வச்சிருக்காங்க. உனக்குத்தாண்டா யாருமில்ல."