சோப்பு டப்பா

சூலூர்ப் பக்கம் சாயப்பட்டறைக் கழிவு கிணறுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. போனில் எடுத்த படம் மங்கல் என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். ஊர்ச் சங்கம் பழைய கேமரா ஒன்றை வாங்கத் தீர்மானித்தது.

பீர் முகம்மதுவின் பழைய கேமராக் கடையில், சங்க உறுப்பினர் செவ்வந்தி சின்னதாக ஒரு பாக்கெட் கேமராவை எடுத்தாள். "இது போதுங்க தலைவரே. முந்தானையில மறைச்சு எடுத்துட்டுப் போயிரலாம்."

சங்கத் தலைவர் ராக்கியண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "சோப்பு டப்பாவாட்ட இருக்குது. நம்மள எவன் மதிப்பான்? அந்தப் பெரிய டிஎஸ்எல்ஆரை எடுங்க பாய்."

"தூரத்துலயே தெரியுமுங்களே!"

"தெரியட்டும் அம்மணி. பயப்படட்டும்."

மறுநாள் காலை தலைவர் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு முன்னால் நடந்தார். பட்டறைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த குழாயைப் பளிச்சென்று படமெடுத்து அனுப்பினார். கழிவு வெளியேறவில்லை என்று அதிகாரி புகாரை முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே குழாயில் சிவப்பாகக் கொட்டியது. செவ்வந்தி காவலாளியிடம் போனாள்.

"காலையில மட்டும் எப்படிங்க மூடுனீங்க?"

"கழுத்துல கேமரா தெரிஞ்சா மூடச் சொல்லி உத்தரவுங்க."

"யாரு உத்தரவு?"

"முதலாளியோட கூட்டாளிதானுங்க. உங்க தலைவரு."

செவ்வந்தி நேராகக் கடைக்குப் போனாள்.

"பாய், அந்தச் சோப்பு டப்பா இன்னும் இருக்குதுங்களா?"