அவளுக்குப் பின்னால்

"இதுலயும் என் மூஞ்சி கலங்கித்தான் இருக்கு, பாரு!"

அக்கா கேமராவைத் தங்கையிடம் நீட்டினாள். கோபம் இருந்தாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். குளியலறையில் கணவன் குளிக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறவரைதான் இந்தப் பேச்செல்லாம்.

தங்கை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பூங்கா, பேருந்து நிறுத்தம், கடைத்தெரு, அக்கா வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் வாசல். எல்லாவற்றிலும் அக்கா முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூட அவள் முகம் தெளிவாக இல்லை.

"மாமா இப்பதானே கத்துக்கறார். கை நடுங்கியிருக்கும்" என்றவள், ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இழுத்தாள். "இல்லக்கா... கை நடுங்கினா மொத்தப் படமும்ல கலங்கியிருக்கும்? உனக்குப் பின்னாடி இருக்கற போர்டுல எழுத்துகூடப் படிக்க வருதே. நீ மட்டும்தான்..."

சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குப் பிறகுதான் தோன்றியது.

அக்கா கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்ப என்னை முன்னாடி நிக்க வெச்சுட்டு, பின்னாடி வேற யாரையோ எடுக்கறாரு. கேமரா வாங்கப் போன அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும்!"

"அன்னிக்கு என்ன ஆச்சு?"

"கைப்பைக்குள்ள அடங்கற மாதிரி சின்னதா ஒண்ணு, அவ்வளவு அழகு. 'முகத்தை அதுவே கண்டுபிடிச்சுத் தெளிவா எடுத்துடும்'னு கடைக்காரரும் சொன்னார். இவருக்கு அது ஆகலை. 'எது தெளிவா விழணும்னு நான்தான் முடிவு பண்ணணும், தூரத்துல நிக்கறவங்க முகமும் தெரியணும்'னு அடம்பிடிச்சு இந்த அம்மிக்கல்லை வாங்கிட்டு வந்தாரு."

லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன். செல்போனில் படம் எடுத்தால் தன் கட்டைவிரலையும் சேர்த்து எடுக்கிறவன். அவனுக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தக் கலைத்தாகம்?

"ஒரு மாசமா என்னைக் கடைக்குக் கொண்டுபோய் விடறதென்ன, கூட்டிட்டு வர்றதென்ன! பாசம் பொங்குதுன்னு கடையில எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்டி. திரும்பி வரும்போது நேர் வழியில வர்றதே இல்ல. தினமும் ஒரு சந்து, தினமும் ஒரு சுத்து. எவ வீட்டைக் கடந்து வரணுமோ!"

"சரி, அழாதே. யாருன்னு பார்த்துடலாம்."

இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடினார்கள். பூங்காவில் தொப்பி போட்டு ஓடுகிற ஒருத்தி. பேருந்து நிறுத்தத்தில் சிவப்புக் குடைக்காரி. கடைத்தெருவில் சுருட்டை முடியோடு ஒருத்தி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியையும் பெரிதாக்கி, மூக்கையும் முழியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

"ஒருத்திகூட இன்னொரு படத்துல இல்லையேக்கா."

"அப்ப ஒருத்தி இல்ல. இடத்துக்கு ஒருத்தி!"

தண்ணீர்ச் சத்தம் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. தலையில் துண்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அவள் கணவனின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அதை ஏன் எடுத்தீங்க? எதையும் அழிச்சுடலையே?"

"அழிச்சா உயிரே போயிடுமோ?" அக்கா எழுந்தேவிட்டாள். "யாருங்க அவ?"

"எவ?"

"என் மூஞ்சியைக் கலங்கடிச்சுட்டுத் தெளிவா எடுக்கறீங்களே, அவ! உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே இவகூட எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

அவன் ஜன்னல் கதவைச் சாத்தினான். ஈரத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உன்கிட்ட இதைச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். பொம்பளைங்களை விடு. ஆம்பளைங்களைப் பாரு."

அவள் மறுபடியும் முதல் படத்திலிருந்து தள்ளினாள். பூங்காவில், தூரத்து மரத்தடியில், கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன். பேருந்து நிறுத்தத்தில், தூணுக்குப் பின்னால், அதே ஆள். கடைத்தெருவில் இன்னும் பக்கத்தில். கண்ணாடிக் கடை வாசலில் அவளுக்கு நாலடி பின்னால். எந்தப் படத்திலும் அவன் கேமராவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கையும் குனிந்து பார்த்தாள்.

"ஒரு மாசமா உன் பின்னாடியே சுத்தறான். போலீஸ்ல போய்ச் சொன்னேன், முகம் தெளிவா தெரியற மாதிரி படம் இருக்கான்னு கேட்டாங்க. உன்கிட்ட சொன்னா நீ திரும்பித் திரும்பிப் பார்ப்பே, அவன் உஷாராயிடுவான். இப்ப கிளம்பிப் போய் இதைக் குடுத்துடறேன்" என்றவன், அவள் தோளைத் தொட்டான். "பயப்படாதே. தினமும் சுத்தி வளைச்சுக் கூட்டிட்டு வந்தது அதுக்குத்தான். அவனுக்குக் கடை மட்டும்தான் தெரியும், நம்ம வீடு தெரியாது."

அவள் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடியே இருந்தாள். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று தங்கை நினைத்தாள்.

"என்னங்க..." அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "இவரு நேத்து கடைக்கு வந்து ஃபிரேம் போட்டுப் பார்த்தாரு. தன்மையாப் பேசினாரு, நீங்க எந்தப் பக்கம்னு கேட்டாரு... தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு, மாடின்னு நான்தாங்க அடையாளம் சொன்னேன்."