மண்டையில் ஒரு பள்ளம்

"இதோட மண்டையில ஒரு பள்ளம் வெட்டிக் குடு, டுவேன்" என்றபடி, துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசை மேல் பிஸ்கட் டின் ஒன்றை வைத்தாள் மேவிஸ் ஹாகன். பக்கத்திலேயே தன் பெரிய கைப்பையையும் வைத்து, அதன் வாயைத் திறந்துவிட்டாள்.

டின்னுக்குள் பூப்போட்ட துண்டு. துண்டுக்குள் தோல் உறையோடு கைத்துப்பாக்கி. அதைப் பார்த்ததும் கடைக்காரன் டுவேனுக்கு ஊறிய எச்சிலைத் தேக்கி வைத்திருந்தால், ஏரிகளுக்குப் பேர்போன மினசோட்டாவின் கணக்கில் இன்னொன்று கூடியிருக்கும்.

மேவிஸின் அப்பா போருக்குப் போனபோது இடுப்பில் கட்டியிருந்தது அது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஆர்லனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அதற்காகவே காலமெல்லாம் தவம் கிடந்த டுவேன், போன வாரம்தான் ஆர்லனை மடக்கியிருந்தான்.

"வெறும் பழைய இரும்பு, ஆர்லன். உங்க முகத்துக்காக என் படகைத் தர்றேன்" என்று பேச்சு. மீன்பிடி சீசன் தொடங்கும் சனிக்கிழமை காலையில் கைமாற்றம், மேவிஸிடம் மூச்சு விடக் கூடாது. அந்தப் படகின் ஓட்டைகள் வழியாக மீன்களே ஏறிவந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் இறங்கிப் போய்விடும் என்பதை டுவேன் சொல்லவில்லை.

"பள்ளமா? எதுக்கு டீச்சர்?" என்றான் இப்போது. ஞாயிறு பள்ளியில் அவனுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்தவள் மேவிஸ். பொய் சொல்லாதே என்ற பாடத்தன்று மட்டும் பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

"எதுக்கா? அந்தச் சிவப்புப் புள்ளி தெரியுற கண்ணாடியை வைக்கத்தான். புள்ளி எங்கயோ குண்டு அங்கயாமே, ஊர்ல எல்லாரும் இப்ப அதான வச்சிருக்காங்க? ஆர்லனுக்குக் கண்ணு மங்கிடுச்சுடா. டப்பாவைக் குறி வச்சாரு, பக்கத்து வீட்டுத் தபால் பெட்டி செத்துப் போச்சு. மேல இருக்கிற இரும்பைச் சீவி, கண்ணாடியை உக்கார வச்சிடு. பிறந்தநாளுக்கு அசந்துடுவாரு."

டுவேனின் முகம் ஜனவரியில் உறைந்த ஏரி மாதிரி வெளுத்தது.

"டீச்சர், புதுத் துப்பாக்கின்னா கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன். இப்ப வர்றதுல கம்பெனிக்காரனே பள்ளம் வெட்டித்தான் அனுப்புறான். இதை வெட்டினா, நாளைக்குத் திருப்பி விக்கும்போது ஒரு பய சீந்த மாட்டான்!"

"நான் என்ன விக்கவா போறேன்?"

"மெஷின் வேற ரிப்பேர். அடுத்த வாரம் வாங்களேன்" என்றான் டுவேன். காலையில் அதே மெஷினில் சீவிய இரும்புத்தூள் அவன் தாடியில் மின்னிக்கொண்டிருந்தது.

"பரவாயில்லை. அடுத்த ஊர்ல ஒருத்தன், காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வெட்டிக் குடுக்கிறானாம். அங்க போறேன்." மேவிஸ் டின்னைத் தூக்கினாள்.

டுவேன் பாய்ந்து டின்னின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். "கிழவி என்னைக் கொல்லாம விட மாட்டா போலிருக்கே" என்று மீசைக்குள் முணுமுணுத்தான்.

"எழுபத்தாறெல்லாம் ஒரு கிழமாடா?" என்றாள் மேவிஸ். "சரி, வெட்டினா அப்படி என்னதான் குறைஞ்சிடும்? கொஞ்சம் சத்தமா சொல்லு. எனக்குக் காது மந்தம்."

"எல்லாமே குறைஞ்சிடும்! பழசு சேர்க்கிறவங்க ஒரு கீறல் இருந்தாலே தொட மாட்டாங்க. இதுல அசல் மெருகு அப்படியே இருக்கு, அசல் தோல் உறை இருக்கு. இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை!"

"ஆனா, யாரோ ஒரு நிபுணர் ஆர்லன்கிட்ட இது வெறும் பழைய இரும்புன்னு சொன்னாராமே?"

மேவிஸ் டின்னைத் தன் பக்கம் ஒரு இழு இழுத்தாள்.

"அவன் கிடக்கிறான் மடையன்!" என்று கத்தினான் டுவேன். "கடைஞ்செடுத்த ஃப்ராடு! அவன் பேச்சையெல்லாம் நம்பாதீங்க!"

"என்ன சொன்ன?"

"ஃப்ராடு!" சுவரில் மாட்டியிருந்த மான் தலைகூட திடுக்கிட்டுக் கண் சிமிட்டியது. "டீச்சர், இதை இப்படியே வித்தா புத்தம்புது பிக்கப் வண்டி வாங்கலாம். அந்த வண்டில கட்டி இழுக்க ஒரு படகும் வாங்கலாம், நல்ல படகு! வெட்டினீங்கன்னா ரெண்டு தூண்டில்கூடத் தேறாது!"

"சத்தியமா?"

"பைபிள் மேல சத்தியமா!"

மேவிஸ் துப்பாக்கியைக் குளிப்பாட்டிய குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி, டின்னுக்குள் வைத்து மூடினாள். "நீ இவ்வளவு சொல்லும்போது வேண்டாம்டா. அப்படியே இருக்கட்டும்."

டுவேனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சனிக்கிழமை பிழைத்துக்கொண்டது! சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு கோப்பை காப்பிகூட ஊற்றினான். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அங்கே ஓசிக் காப்பி குடித்த முதல் மனிதப் பிறவி மேவிஸ்தான்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, திறந்திருந்த கைப்பைக்குள் குனிந்தாள். "எல்லாம் காதுல விழுந்துச்சா?"

பைக்குள் இருந்த போனிலிருந்து ஆர்லனின் குரல் வந்தது.

"படகை நீயே வச்சுக்க, டுவேன்."