ஏகமனதாக

அவள் விசையைத் தொடும் முன்பே அந்த வரி திரையில் இருந்தது.

ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.

நகர்மன்றக் கூட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் நடவடிக்கைக் குறிப்பு முந்தாநாளே தயார். மேலாளர் சொல்ல, தட்டச்சரான அவளேதான் அடித்துவைத்தாள். ஐம்பத்திரண்டு தீர்மானங்கள். ஒவ்வொன்றின் கீழும் இதே வரி.

இன்று நடந்தது வேறு.

இருபத்தாறாம் தீர்மானம். ஓடையைத் தூர்வாரி, சாயக்கழிவை அகற்றும் ஒப்பந்தம். அதே ஒப்பந்ததாரர், மூன்றாம் முறை.

ஓடை அவள் வீட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. திங்கட்கிழமை ஊதா. நேற்று பச்சை. அதில் ஒரு மண்வெட்டி இறங்கி அவள் பார்த்ததில்லை.

உறுப்பினர்கள் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஒன்பதாவது வார்டு ஸ்டெல்லா மட்டும் எழுந்து கையைத் தூக்கினார். எதிர்க்கிறேன், பதிவு செய்யுங்கள் என்றார். கூட்டம் முடியும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

"அந்தக்கா கை தூக்குனாங்களேங்க சார்?"

மேலாளர் சிரித்தார்.

"மேசையத் தட்டுனது கேட்டுச்சு அம்முணி. கை தூக்குனது கேக்குமா? பேசாம பிரிண்ட் எடு. இன்னும் ரெண்டு மாசத்துல உனக்கு வேலை நிரந்தரம். எதுக்கு வம்பு?"

நிரந்தரம்.

அவள் வீட்டில் இதுவரை யாருக்கும் வாய்க்காத சொல்.

எதிர்ப்பு ஏட்டில் ஏறினால் வழக்குப் போடலாம். ஏறாவிட்டால், அந்தக் கை எழவே இல்லை.

இருபத்தாறின் கீழிருந்த வரியை அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாக.

ஒன்பதாவது வார்டு உறுப்பினர் ஸ்டெல்லா எதிர்ப்பு. ஏனையோர் ஆதரவு.

பிரிண்டர் பதினான்கு பக்கங்களைத் துப்பியது.

நகர்மன்றத் தலைவர் போனில் பேசிக்கொண்டே பதினான்கிலும் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல, படிக்காமல்.

கடைசி முத்திரையையும் குத்திய பிறகுதான் அந்த வரி மேலாளரின் கண்ணில் பட்டது.

அந்தத் தாளை உருவி எடுத்தார்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே! யாரு அடிச்சதுன்னு என்னையில்ல கேப்பாங்க?"

தாளின் அடியில், தட்டச்சு செய்தவர் பெயருக்கென்று ஓர் இடம் உண்டு. இந்த அலுவலகத்தில் யாரும் அதை நிரப்பியதில்லை.

தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

மா. நிரோஷா என்று போட்டால் போதும். அவளுக்குப் போதாது.

மாரியப்பன் மகள் நிரோஷா.

அழுத்தி எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எழுத்து தெளிவா இருக்குங்களா சார்?"