நோயலோடு மலைக்கு

"கேக்குல சக்கரையைப் பாதியாக் குறைச்சிட்டேன். நோயலுக்கு இனிப்பு ஜாஸ்தியா இருந்தா பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸை மூடினாள் மர்சலின்.

ஈசிசேரில் கிடந்த ஆரோக்கியசாமிக்கு வயிறு எரிந்தது. பிறந்தநாள் இவளுக்கு, ருசி மட்டும் எவனோ ஒருவனுக்கா?

"யாரு அந்த நோயல்? பேரிலேயே நோய் இருக்கு!"

"உங்க பேர்ல ஆரோக்கியம் இருந்து என்ன பிரயோஜனம்? பர்த்டேவுக்குப் பரங்கிமலை ஏறலாம்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? நோயல் உடனே வர்றேன்னுட்டார்."

அவள் கூப்பிட்டது உண்மைதான். போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்ததிலிருந்து, மாடிப்படியைக் கண்டாலே ஆரோக்கியசாமி மார்பைப் பிடித்துக்கொள்வார். எல்லாம் சரியாகிவிட்டது, இனி நன்றாக நடக்கலாம் என்று சொன்ன எந்த டாக்டரையும் அவர் நம்பவில்லை. செக்கப்புக்குக்கூட ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மர்சலின்தான் தனியாக அலைந்தாள்.

இப்போது பாருங்கள், நீலச் சேலை, காலில் புது கேன்வாஸ் ஷூ. ஒரு வாரமாக பால்கனியில் நின்று போனில் குசுகுசுப்பு வேறு. நேற்று, "அவருக்குத் தெரியாது நோயல், நான் பார்த்துக்கறேன்" என்று அவள் சொன்னது இவர் காதிலேயே விழுந்தது.

"மாத்திரை மேசை மேல இருக்கு. மறக்காமப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு மர்சலின் கிளம்பிப் போனாள்.

பால்காரர் மர்சலினைப் பார்த்துச் சிரித்தார் என்று ஒரு மாதம் வீட்டில் பாலையே நிறுத்திக் கடுங்காப்பி குடித்த மனிதர் இவர். சும்மா இருப்பாரா? சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, சாந்தோம் முனையில் ஒரு ஆட்டோவை மடக்கினார்.

மலையடிவாரம் வந்ததும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், மேல வரைக்கும் ரோடு கீது. அப்டியே கொண்டுபோய் வுட்டுடவா?"

"வேணாம்பா. சத்தம் கேட்டா உஷாராயிடுவாங்க."

ஆட்டோக்காரர் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். படிக்கட்டின் வளைவில் நீலச் சேலை தெரிந்து மறைந்தது. தனியாகத்தான் போகிறாள். அப்படியானால் அவன் மேலே காத்திருக்கிறான். ஆரோக்கியசாமி விறுவிறுவென்று ஏறத் தொடங்கினார்.

"மெதுவா சார், மெதுவா." கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த தொப்பிக்கார இளைஞன் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு எழுந்து கூடவே வந்தான். "என்ன சார், வேண்டுதலா?"

"வேட்டை!" என்றார் இவர்.

பாதி வழியில் மூச்சு வாங்கியது. இளைஞன் அவரை மரநிழலில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு கரிசனமா என்று இவருக்கு மனசு இளகிவிட்டது. அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார்.

"என் வீட்டுக்காரியை ஒருத்தன் மலைக்குக் கூட்டியாந்திருக்கான் தம்பி. நோயலாம்! ஆள் கிழவனா குமரனான்னுகூடத் தெரியாது."

"மோசமான ஆளா இருப்பானோ சார்?"

"பின்னே? அடுத்தவன் பொண்டாட்டி பர்த்டேவுக்கு இவனுக்கு என்ன மலை வேண்டிக்கிடக்கு? அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்…"

"கண்டிப்பாக் கெடைப்பான் சார். முதல்ல ரெண்டு மடக்கு தண்ணி குடிங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

தண்ணீர் உள்ளே போனதும் கோபம் கொஞ்சம் தணிந்தது. அடியில் கிடந்த பயம் மேலே வந்தது.

"கல்யாணமான புதுசுல இதே படியில அவ கையைப் பிடிச்சிக்கிட்டு ஓடினவன் தம்பி நான். இப்போ நாள் பூரா சேரை விட்டு எழுந்திரிக்கிறதில்ல. அவ இன்னொருத்தனோட சிரிச்சுப் பேசினா எனக்குத் தாங்கலை. அவ என்னை விட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

இளைஞன் பாட்டிலை வாங்கி மூடினான். பிறகு, "போகமாட்டாங்க சார். எழுந்திரிங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்று கை கொடுத்தான்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மேலே காற்று பிய்த்துக்கொண்டு போனது. மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தடி பெஞ்சில் மர்சலின் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடியபடியே கேக் டப்பா.

"எங்கே அவன்?" என்று கத்தினார் ஆரோக்கியசாமி.

மர்சலின் எழுந்து வந்து கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். வேர்வை வழிகிறது, முகம் சிவந்திருக்கிறது, ஆனால் கை மார்புக்குப் போகவே இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன், எங்கே அந்த நோயல்?"

பின்னால் வந்து நின்ற தொப்பிக்கார இளைஞன் மறுபடியும் இவர் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான்.

மர்சலின் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன நோயல் டாக்டர், சாமி மலையேறிடுச்சா?"