ராணி முத்திரையின் குட்டைப் பல்

அஞ்சல் தலைத் தாளிலிருந்து கிழிக்கும்போது ஒவ்வொரு முத்திரையின் ஓரப் பற்களும் வேறுவிதமாக அறும். ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது. என் நண்பன் டெரிக்கிடம் இருந்த வேலுநாச்சியார் நினைவு முத்திரையில் இடது மூலைப் பல் குட்டை. அவன் தேநீர் போடப் போனபோது நான் அதைத் திருடினேன்.

ஒரு வாரம் வெட்கத்தில் தூக்கமில்லை. இன்று திருப்பிக் கொடுக்கவென்று, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுக்கு வந்தேன்.

நான் வாய் திறக்குமுன் அவன் ஆல்பத்தை விரித்தான். பழைய இடத்திலேயே ராணி இருந்தாள். இடது மூலையில் அதே குட்டைப் பல்.

“நேத்து நீதானே மச்சான் கொண்டு வந்து தந்த? ஒரு முத்திரைக்கு அவ்வளவு அழுகையா? நான் மறந்துட்டன், நீயும் விடு.”

நேற்று நான் வீட்டைவிட்டு வெளியே இறங்கவேயில்லை.

“ஓம்” என்று தலையாட்டினேன். முத்திரை இருந்த சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.