பதினாறு வயதுக்கு மேல்

"பதிமூணு வயசுப் பொண்ணுக்குப் பேயைப் போட்டுக் காட்டுறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். தம்பியின் இரண்டாவது மனைவிக்கு அவள் வயதில் மட்டுமல்ல, வாயிலும் மூத்தவள்.

அந்தக் கொரியத் தொடர்தான் விவகாரம். செத்தவர்கள் பேசுவது காதில் விழும் ஒரு துப்பறியும் அதிகாரி. அவனுக்குக் கொலைகாரர்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பெண் பேய். தமிழிலேயே பேசும். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று எழுத்துப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

தம்பி மகள் அதைப் பார்த்ததோடு நிற்கவில்லை. "அது தினமும் என்கிட்ட பேசும்" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவள் அரண்டுபோய் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். தம்பி கப்பலில் வேலை பார்ப்பதால் டீச்சர் அத்தைக்குப் போன் செய்துவிட்டார்.

"எங்கே அவ?"

சித்திக்காரி உள்ளறையைக் காட்டினாள். கதவு ஒருக்களித்திருந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் திரைச்சீலையை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கி வைத்திருந்தாள் பெண்.

அத்தை எட்டிப் பார்த்தாள். டி.வி.யில் ஆளில்லாத நீளமான தாழ்வாரம். லிஃப்ட் கதவு தானாகத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

"பயப்படாதே. திரும்பிப் பார்க்காம நட. நான் பின்னாடியேதான் வர்றேன்."

அத்தைக்குக் கை மயிர் சிலிர்த்தது. எங்கேயோ கேட்ட குரலாக இருந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது.

அதைவிடப் பயம் அந்தப் பெண்ணைப் பார்த்தபோது. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையணையைக் கட்டிப்பிடித்தபடி, பேய் சொன்னதற்கெல்லாம் "ம்... ம்..." என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு வேறு.

அத்தை பின்னாலேயே நகர்ந்து சமையலறைக்கு வந்து ஒரு செம்பு தண்ணீரைக் குடித்தாள். குடித்ததும் தைரியம் வந்தது, கோபமும் வந்தது. பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, காலையில் என்னோடு அழைத்துக்கொண்டு போகப்போகிறேன், தம்பி கரை இறங்கியதும் அவனிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். சித்திக்காரி பாத்திரம் தேய்த்த கையை நிறுத்தினாள்.

"பெத்தவளா இருந்தா இப்படி விட்டுட்டு வேடிக்கை பார்ப்பாளா?"

"அவளைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க, அண்ணி." சித்திக்காரி ஈரக் கையோடு எழுந்து வந்தாள். "நான் சும்மா விடலை. ஒவ்வொரு பாகமும் முதல்ல நான் பார்த்துட்டுத்தான் அவளுக்குப் போடுறேன்."

அத்தை நம்பவில்லை. கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறுகிறவள் பேய்ப்படம் பார்த்தாளாம்.

"ஒன்பது பாகம்தான் காட்டியிருக்கேன். பத்தாவதைப் பார்த்துட்டு, கதை ஒன்பதோட முடிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டேன். திரும்பத் திரும்பப் பழைய பாகத்தைத்தான் போட்டுக்கிறா."

"பார்த்தியா, உனக்கே தாங்கலை. அப்படி என்ன கோரம் அதுல?"

"கோரமெல்லாம் ஒண்ணும் இல்லை, அண்ணி." சித்திக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் பார்த்தாள். கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தணித்தாள்.

"பத்தாவதுல அந்தப் பேய்க்கு வேற யாரோ டப்பிங் பேசியிருக்காங்க. ஒன்பதாவது வரைக்கும் பேசிட்டுத்தான் இவ அம்மா செத்துப்போயிருக்காங்க."